குதிரை இல்லாத தூதன்

போரைப் பற்றிப் பேசுவதற்குப் போருக்குப் போயிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. இருந்திருந்தால், போர் வரலாறு மற்றும் வியூக விளையாட்டு ஆர்வலர் பேரவையில் மின்விசிறியைப் போடக்கூட ஆள் மிஞ்சியிருக்காது. பேரவையில் எல்லாரும் தளபதிகள். மற்ற நாட்களில் ஒருவர் பல் பிடுங்குவார், ஒருவர் கல்லூரியில் வேதியியல் நடத்துவார், ஒருவர் குளியலறைக்கு டைல்ஸ் விற்பார். ஆண்டுக்கு ஒரு தடவை, சனி ஞாயிறு இரண்டு நாள், இவர்கள் ஆளுக்கு முப்பதாயிரம் பேரைச் சாகக் கொடுத்துவிட்டுத் திங்கட்கிழமை காலை நிம்மதியாக வேலைக்குப் போவார்கள்.

இவர்களுக்கெல்லாம் மேலே தலைமை நடுவர். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், இழப்பீடு கேட்டு வருகிற மனுக்களைத் தள்ளுபடி செய்யும் பிரிவில் ஆயுள் முழுக்க இருந்து ஓய்வு பெற்றவர். "முடியாது" என்ற சொல்லை அவ்வளவு மரியாதையாகச் சொல்ல அவரால்தான் முடியும். கேட்டவர்கள் நன்றி சொல்லிவிட்டு எழுந்து போவார்களாம்.

பேரவையின் மாநாடு தனியாக நடப்பதில்லை. பெரிய கண்காட்சிக் கட்டடத்தில் விளையாட்டுத் திருவிழா நடக்கும்போது மூன்றாம் மாடியை இவர்களுக்கு ஒதுக்கிவிடுவார்கள். கீழ்த்தளத்தில் திரைகளின் முன்னால் இளவட்டங்கள் கத்திக்கொண்டிருக்கும். இரண்டாம் மாடியில் சீட்டும் பலகை விளையாட்டும். மூன்றாம் மாடிக்கு ஏறினால் சத்தமே இருக்காது. சன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் திரை போட்டிருப்பார்கள். எங்கோ ஒலிபெருக்கியில் ஒரு முரசு மட்டும் மெதுவாக அடித்துக்கொண்டே இருக்கும். அந்தப் படிக்கட்டின் கடைசி வளைவில் திரும்பும்போது யாரும் தானாகவே அடியை மெதுவாக வைப்பார்கள்.

கண்ணாடிக்காரரும் அப்படித்தான் வைத்தார். அவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவர் ஏறி வந்தது போர் பார்க்க அல்ல, மைத்துனனைக் கூட்டிப்போக.

அன்று காலை மாமனாரைப் பார்த்த மருத்துவர், "பார்க்க வேண்டியவங்க வந்து பார்த்துடட்டும்" என்று சொல்லிவிட்டார். பேருந்துப் பணிமனையில் எஞ்சின்களைக் கழற்றி மாட்டிய மனுஷர். இப்போது ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைக்கிற மாதிரி இறைத்துக்கொண்டு கிடந்தார். மனைவி கண்ணாடிக்காரரை மருத்துவமனை நடைக்கூடத்துக்கு இழுத்து வந்தாள்.

"தம்பி போன் அணைஞ்சே கிடக்குங்க. அந்தப் பாழாப்போன மாநாட்டுலதான் இருப்பான். கையோட கூட்டிட்டு வந்துடுங்க. அப்பா அவனைத்தான் கேட்டுட்டே இருக்காரு."

கிளம்பும்போது மாமனார் சைகை காட்டி அழைத்தார். ஆக்சிஜன் முகமூடியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, "குதிரை என்கிட்டதான் இருக்குன்னு சொல்லுங்க மாப்ள. வந்து வாங்கிக்கச் சொல்லுங்க" என்றார். இறுக்கி மூடியிருந்த வலது கையைத் திறந்து காட்டினார். கட்டைவிரல் அளவு ஈயக் குதிரை ஒன்று இருந்தது. பழுப்பு நிறம், ஒரு காது உடைந்து தனித் துண்டாகக் கிடந்தது.

கதை இதுதான். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் மாமனார் சாப்பிட உட்கார்ந்தார். தட்டு வைக்க இடமில்லை. சாப்பாட்டு மேசை முழுக்க மகன் படை இறக்கியிருந்தான். "பொம்மை வச்சு விளையாடுற வயசாடா உனக்கு?" என்று அவர் கத்த, "இது பொம்மை இல்ல, ஆராய்ச்சி" என்று அவன் கத்த, அவர் கைக்குக் கிடைத்த குதிரையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மகன் தனியாக அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றோடு பேச்சு நின்றது. குதிரையைப் பற்றி அப்பன் யாரிடமும் மூச்சு விடவில்லை. தொலைந்துவிட்டது என்று மகன் பேரவையில் சொல்லிவிட்டான். அப்பா பிடுங்கிக்கொண்டார் என்று ஒரு தளபதி எப்படிச் சொல்வான்?

மூன்றாம் மாடி வாசலில் மேசை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"போனை இங்க கொடுத்துடுங்க சார். போர்க்காலத்துல போன் கிடையாது."

"அவசரம்மா. உள்ள ஒருத்தரைக் கூப்பிடணும், ரெண்டே நிமிஷம்."

"நீங்க சிவப்பா, நீலமா?"

"நான் கண்ணாடிக் கடை."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சாம்பல் நிறத்தில் ஒரு அட்டையை அவர் சட்டையில் குத்திவிட்டாள். அதில் 'பொதுமக்கள்' என்று எழுதியிருந்தது.

"இது எதுக்கு?"

"நீங்க செத்தா கணக்குல வராதுன்னு அர்த்தம் சார்" என்றாள் அவள், பொத்தானைச் சரிபார்க்கிற தையல்காரியின் அக்கறையோடு.

உள்ளே அரங்கில் தலைமை நடுவரின் உரை நடந்துகொண்டிருந்தது. 'தாமதமே தூதின் உயிர்' என்பது தலைப்பு. நூறு பேர் போல இருட்டில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஒரு மேசை, அதன்மேல் பகடை, ஒரு கிண்ணம் தண்ணீர்.

"நண்பர்களே, இன்று ஒரு செய்தி நொடியில் போய்ச் சேர்கிறது. அதனால்தான் இன்று வரலாறு என்று ஒன்றும் நடப்பதில்லை" என்றார் தலைமை நடுவர். "அந்தக் காலத்தில் உதவி கேட்டு அனுப்பிய ஓலை, கேட்டவன் செத்த பிறகு போய்ச் சேர்ந்தது. அந்த இடைவெளியில்தான் அத்தனை மகத்தான காரியங்களும் நடந்தன. அந்த இடைவெளியைக் கட்டிக் காப்பது நம் பேரவை ஒன்றுதான்."

கைதட்டல்.

"ஒரே ஒரு விலக்கு. சாவுச் செய்தி. அது வழி தவறாது, மழையில் நனையாது, எதிரி கையில் சிக்காது. வரலாற்றில் எங்குமே அது தாமதமாகப் போனதாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே மற்றச் செய்திகளின் கதியைப் பகடை உருட்டி முடிவு செய்கிற நமது விதிகளிலும் சாவுச் செய்திக்குப் பகடை கிடையாது."

நூறு பேனாக்கள் அதை எழுதின. கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார்.

"ஐயா, மன்னிக்கணும். என் மைத்துனன் இங்க இருக்கான். அவன் அப்பாவுக்கு ரொம்ப முடியல. அவனைக் கொஞ்சம் கூப்பிட்டு விட்டீங்கன்னா..."

தலைமை நடுவர் அவரைப் பார்த்தார். தொழில்புத்தி போகாதே, கண்ணாடிக்காரரின் கண் முதலில் அவர் போட்டிருந்த கண்ணாடியில்தான் நின்றது. அது படிப்பதற்கு மட்டுமான கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு தூரத்தில் இருப்பவர்களைப் பார்த்தால் எல்லா முகமும் ஒரே கலங்கலாகத்தான் தெரியும்.

"உங்கள் மைத்துனர் பெயர் வேண்டாம், பதவி?"

"மருந்துக் கம்பெனியில..."

"சிவப்புப் படையின் தளபதி சார்" என்று யாரோ இருட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அரங்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வீட்டில் எந்தச் சோப்பு வாங்குவது என்று அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்கிற பையன் இங்கே முப்பதாயிரம் பேருக்கு எஜமானன் என்பது கண்ணாடிக்காரருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நல்லது. ஒரு நேரடி உதாரணமே கிடைத்துவிட்டது" என்றார் தலைமை நடுவர். அவருக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. "மேடைக்கு வாருங்கள். இரண்டு படைகளும் தனித்தனி அறையில் இருக்கின்றன. எது எங்கே என்று நடுவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர்களுக்குச் செய்தி போக வேண்டுமென்றால் தூதர் வழியாகத்தான் போக வேண்டும். சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்."

"ஐயா, இது விளையாட்டு இல்ல. நிஜமாவே அவர் சாகக் கிடக்கிறார்."

"நான் நம்புகிறேன்" என்றார் தலைமை நடுவர் மிகுந்த மரியாதையோடு. "உண்மையா பொய்யா என்பது இங்கே கேள்வியே இல்லை. உண்மை என்பதற்காக ஒரு செய்தியை வேகமாக அனுப்பினால், பொய்ச் செய்தி அனுப்பியவருக்கு நாம் அநீதி செய்ததாகும். நடுவர் என்றால் நடுவில் இருக்க வேண்டும். செய்தியைச் சொல்லுங்கள்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. கண்ணாடிக்காரர் சொன்னார். தலைமை நடுவர் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'அப்பாவுக்கு மூச்சு முட்டுது. உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கார். குதிரை அவர்கிட்ட இருக்கு. உடனே வா.'

முதல் பகடை உருண்டது. "மழை" என்று அறிவித்தார். விரலைக் கிண்ணத்தில் நனைத்துத் தாளின்மேல் நிதானமாகத் தெளித்தார். மை ஓடியது. அப்பாவும் மூச்சும் கரைந்து ஊதாக் குட்டையாகத் தேங்கின. கண்ணாடிக்காரர் கையை நீட்டித் தடுக்கப் போனார். முன்வரிசையிலிருந்து இரண்டு பேர் அவரை மெல்லப் பிடித்து உட்கார வைத்தார்கள். தாளில் பிழைத்துக் கிடந்தது ஒரே ஒரு வரி: 'குதிரை அவர்கிட்ட இருக்கு.'

இரண்டாவது பகடை உருண்டது. "செய்தி எதிரி கையிலும் சிக்குகிறது. இதற்குப் பிரதி ஒன்று நீலப் படைக்குப் போகும்."

"சரி, இதையாவது சீக்கிரம் கொண்டு போய்க் கொடுங்க" என்றார் கண்ணாடிக்காரர். குதிரை என்ற ஒரு சொல் போதும், பையன் புரிந்துகொண்டு ஓடி வந்துவிடுவான் என்று அவருக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது.

"அதில் ஒரு சிக்கல். சிவப்புப் படையின் தூதர் பொம்மைக்குக் குதிரை இல்லை. ஆறு மாதத்துக்கு முன் தொலைந்துவிட்டது என்று தளபதி சொல்லியிருக்கிறார். குதிரை இல்லாத தூதர் நடந்துதான் போக வேண்டும். மூன்று மடங்கு நேரம் ஆகும்."

"ஐயா, அந்தக் குதிரைதான் இது! ஆஸ்பத்திரியில இருக்கு! அவர் கையில இருக்கு!"

"அப்படியானால் அது களத்தில் இல்லை" என்றார் தலைமை நடுவர்.

தூதராக இருந்தவர் அந்த வேதியியல் பேராசிரியர். கனத்த உடம்பு. ஈரத் தாளை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு கிளம்பினார். அறைக்கு நேராகப் போகவில்லை. இரண்டு மலையும் ஒரு சதுப்பு நிலமும் கடக்க வேண்டும் என்பதால் நடைக்கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். சதுப்பு வந்தபோது முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். கண்ணாடிக்காரர் பக்கத்திலேயே நடந்தார்.

"சார், நீங்க படிச்சவர். உங்களுக்கும் அப்பா அம்மா இருந்திருப்பாங்க. எந்த ரூம்னு கண்ணைக் காட்டுங்க, போதும்."

பேராசிரியர் சதுப்பிலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டு நடந்தார். தூதர் பொதுமக்களிடம் பேசக்கூடாது. ஆனால் அவர் நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. ஒரு கணம் நின்று கண்ணாடிக்காரரைப் பார்த்தார். உதடு அசைந்த மாதிரி இருந்தது. பிறகு ஆறு வந்துவிட்டதால் தாளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நீந்தப் போய்விட்டார்.

கண்ணாடிக்காரர் திரும்பி வந்தபோது அரங்கில் இரண்டாவது உரை தொடங்கியிருந்தது. 'எதிரி உன் உறவினர் முகத்தோடு வருவான்' என்பது தலைப்பு. நீலப் படை கைப்பற்றிய செய்தி என்று 'குதிரை அவர்கிட்ட இருக்கு' என்ற வாசகத்தைத் திரையில் ஆளுயர எழுத்தில் காட்டினார்கள். இது என்ன சங்கேதம் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். குதிரைப்படை வடக்கே ஒளிந்திருக்கிறது என்றார் பல் மருத்துவர். 'அவர்' என்பது ஒரு மலையின் பெயர் என்றார் டைல்ஸ்காரர். மாமனார் ஆறு மாதம் யாரிடமும் சொல்லாமல் பையில் வைத்திருந்ததை நூறு பேர் பென்சிலைக் கடித்தபடி பிரித்து மேய்ந்தார்கள். கண்ணாடிக்காரருக்கு யாரோ மாமனாரின் போர்வையை உருவிவிட்டுச் சுற்றி நின்று பார்க்கிற மாதிரி இருந்தது.

"போன ஆண்டு நடந்தது நினைவிருக்கும்" என்றார் தலைமை நடுவர். "உங்கள் வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது, ஓடி வாருங்கள் என்று நீலப் படை ஒரு பொய்யை அனுப்பியது. சிவப்புத் தளபதி நம்பி வீட்டுக்கு ஓடினார். குழாய் நன்றாக இருந்தது. திரும்பி வந்தபோது அவருடைய ஒன்பதாயிரம் பேர் உயிரோடு இல்லை."

அரங்கம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

"அந்தத் தளபதி அன்று இந்த மேடையில் நின்று ஒரு சபதம் செய்தார். இனி வீடே எரிகிறது என்று சொன்னாலும் போர் முடியாமல் நான் நகர மாட்டேன் என்றார். ஒருவர் எப்படித் தளபதி ஆகிறார் என்பதை நாம் கண்ணெதிரே பார்த்தோம்."

அந்தத் தளபதி தன் மைத்துனன்தான் என்று கண்ணாடிக்காரருக்குப் புரிந்தது. இனி உட்கார்ந்திருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று எழுந்து, கழிப்பறை எங்கே என்று கேட்கிற பாவனையில் நடைக்கூடத்துக்கு வந்தார். வரிசையாக மூடிய கதவுகள். எல்லாம் ஒரே சாயம், ஒரே கைப்பிடி. தரையில் வரைபடம் விரித்திருப்பதால் செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும் போலிருக்கிறது, ஒவ்வொரு வாசலிலும் ஒரு குவியல். குனிந்து பார்த்துக்கொண்டே போனார். நான்காவது வாசலில் இடது குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்த செருப்பு கிடந்தது. மைத்துனன் நடக்கும்போது கொஞ்சம் சாய்ந்து நடப்பான். அப்பனும் அப்படித்தான்.

கதவைத் தள்ளினார்.

தரை முழுக்கப் பச்சைத் துணியில் மலையும் ஆறும். அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர் மண்டியிட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு செருப்புப் பெட்டி. அதில் செத்த ஈயச் சிப்பாய்களை எண்ணாமல் அள்ளிக் கொட்டியிருந்தார்கள். நடுவில் நின்ற மைத்துனன் நீளமான குச்சியோடு திரும்பினான். கண்ணெல்லாம் சிவந்து, தாடி மழிக்காமல் இருந்தான். ஆற்றங்கரையில் அவனுடைய தூதர் பொம்மை நின்றது. சவாரி செய்வதற்கு வளைத்த கால்களோடு, கீழே குதிரை இல்லாமல், ஒரு பாட்டில் மூடியில் ஒட்டப்பட்டு நின்றது.

"அத்தான்?"

"அப்பாவுக்கு முடியலடா. டாக்டர் கைவிரிச்சுட்டாரு. உன்னைத்தான் கேக்குறாரு. செருப்பை மாட்டு, கிளம்பு."

அவன் குச்சி தாழ்ந்தது. அதற்குள் துணைத்தளபதி எழுந்து குறுக்கே வந்தார். நாற்பது வயதிருக்கும், தோளில் சிவப்புப் பட்டை. "தளபதி, தண்ணீர்க் குழாய்" என்று மட்டும் சொன்னார்.

மைத்துனனின் முகம் இறுகியது. "அத்தான், உங்களை யாரு அனுப்பினா?"

"உங்க அக்கா அனுப்பினாடா! வேற யாரு அனுப்புவா?"

"போன தடவையும் அக்கா பேரைத்தான் சொன்னாங்க."

"டேய், குதிரை அவர்கிட்டதான் இருக்காம். வந்து வாங்கிக்கச் சொன்னாரு. பழுப்புக் குதிரை, கையிலயே வச்சிருக்காருடா."

அந்த ஒரு நொடியைக் கண்ணாடிக்காரர் சாகும்வரை மறக்கப் போவதில்லை. தளபதியின் முகம் உடைந்து, உள்ளேயிருந்து ஒரு சின்னப் பையன் எட்டிப் பார்த்தான். குச்சி கீழே விழுந்தது. ஒரு காலை எடுத்து ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வைத்துவிட்டான்.

"தளபதி, அந்தக் குதிரை விஷயம் எதிரிக்குத் தெரியும்" என்றார் துணைத்தளபதி. "செய்தி அவங்க கையில சிக்கிடுச்சுன்னு நம்ம ஒற்றர் இப்பதான் என்கிட்ட சொல்லிட்டுப் போனாரு. இப்ப அரங்கத்துல திரையில போட்டு வச்சிருக்காங்க. இந்தக் கட்டடத்துல காவலாளிக்குக்கூடக் குதிரையைப் பத்தித் தெரியும். அதை வச்சே நம்மளை இழுக்கப் பார்க்கிறாங்க."

சரியாக அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டிக்கொண்டு பேராசிரியர் உள்ளே வந்தார். நனைந்து களைத்த நடிப்போடு ஒரு சல்யூட் அடித்துவிட்டுத் தாளை நீட்டினார். மைத்துனன் வாங்கிப் படித்தான். 'குதிரை அவர்கிட்ட இருக்கு.' அப்பாவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம்.

"முறைப்படி வந்த செய்தில அப்பா இல்ல அத்தான்" என்றான் மைத்துனன். தாளை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தான். பிறகு தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொள்கிற மாதிரி சிரித்தான். "நல்லாப் பண்றீங்க. அக்காவும் சேர்ந்துதான் இதைப் பண்ணீங்களா? போர் முடியட்டும். நாளைக்குச் சாயங்காலம் நானே வர்றேன்."

"சாயங்காலத்துக்கு அவர் இருக்க மாட்டாருடா, பாவி!"

"உளவாளி" என்றார் துணைத்தளபதி. இரண்டு பேர் எழுந்தார்கள்.

கைதிகளுக்கு அரங்கின் கடைசி வரிசையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். கண்ணாடிக்காரரை அங்கே உட்கார வைத்து, மணிக்கட்டில் சிவப்பு நாடா கட்டி, தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். கைதிகளை நடத்துவதில் பேரவைக்கு நல்ல பேர் உண்டு. நாடாவை அறுத்துக்கொண்டு எழுந்தார், மறுபடி கட்டினார்கள். கத்தினார். கைதிகள் கத்துவது வரலாற்றில் இயல்புதான் என்று பக்கத்திலிருந்தவர் குறிப்பெடுத்துக்கொண்டார். போனையாவது கொடுங்கள், மனைவியிடம் ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன் என்று கெஞ்சினார். அதற்கும் ஒரு பகடை உருண்டது.

மேடையில் மூன்றாவது உரை. 'தாங்கக்கூடிய இழப்பு.'

"இழப்பு என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை" என்றார் தலைமை நடுவர், குரலைத் தாழ்த்தி. முரசுகூட அவருக்காக மெதுவாக அடித்தது. "நான் வேலையில் இருந்த காலத்தில் ஆயிரக்கணக்கான இழப்புகளைப் பார்த்திருக்கிறேன். வீடு எரிந்தவர்கள், கை போனவர்கள், புருஷன் போனவர்கள் எல்லாரும் என் மேசைக்கு வருவார்கள். ஒருவருடைய இழப்பைக்கூட என்னால் தாங்க முடியாமல் போனதில்லை. நண்பர்களே, தாங்கக்கூடிய இழப்பு என்றால் என்ன? அடுத்தவருடைய இழப்பு. ஒரு தளபதிக்கு இதற்கு மேல் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை."

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் எழுதினார்கள். இருட்டில் அத்தனை பேனாக்கள் தாளில் உரசுகிற சத்தம், சுவருக்குள் எதுவோ அரித்துக்கொண்டிருக்கிற சத்தம் போலக் கேட்டது. கண்ணாடிக்காரர் அங்கிருந்து ஓடிவிட நினைத்தார். எங்கே ஓடுவது? பையனை இங்கே விட்டுவிட்டு எந்த முகத்தோடு அந்த அறைக்குள் நுழைவது?

அப்போதுதான் வாசலில் இருந்த பெண் அவருடைய போனைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக உள்ளே வந்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நேரே மேடைக்குப் போய்த் தலைமை நடுவரின் காதில் ஏதோ சொன்னாள். திரும்பிப் போகும்போது கண்ணாடிக்காரரைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

தலைமை நடுவர் ஒரு தாளை எடுத்து எழுதினார். பகடையை அவர் தொடவில்லை. கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"இதற்குப் பகடை கிடையாது" என்றார்.

பேராசிரியர் தாளை வாங்கிக்கொண்டு ஓடினார். மலை இல்லை, சதுப்பு இல்லை, ஆறு இல்லை. அந்த உடம்போடு அவர் ஓடியதில் நடைக்கூடமே அதிர்ந்தது. நான்காவது கதவு திறந்து மூடியது. முரசு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு யாரோ ஒருவன் அடிபட்ட மாடு போலக் கத்தினான். போர் தொடங்கியதிலிருந்து அந்த மாடியில் கேட்ட முதல் நிஜச் சத்தம் அதுதான்.

மைத்துனன் செருப்பில்லாமல் ஓடி வந்தான். கையில் தாள் கசங்கியிருந்தது. கண்ணாடிக்காரரின் நாடாவைப் பல்லால் கடித்து இழுத்தான்.

"அத்தான், போயிட்டாரா? நிஜமாவே போயிட்டாரா?"

"நான் சொன்னப்போ நம்பலையேடா."

"இது முறைப்படி வந்திருக்கே" என்று அழுதான் அவன். அழுதுகொண்டே அந்தத் தாளை நீட்டினான், அவரும் படித்துச் சரிபார்க்கட்டும் என்பது போல.

அரங்கம் எழுந்து நின்றது. ஒரு நிமிடம் மௌனம் அனுசரித்தார்கள். ஒரு நிமிடம் சரியாக முடிந்தது. அடுத்த சுற்றுக்குப் பகடை உருள்கிற சத்தம், இருவரும் படிக்கட்டின் முதல் வளைவைத் தாண்டுவதற்குள் கேட்டது.

மருத்துவமனையில் முகமூடியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். மாமனாரின் வலது கை மட்டும் இன்னும் மூடியே இருந்தது. "யாராலயும் திறக்க முடியல. நீயே எடுத்துக்க" என்றாள் அக்கா. அவள் தம்பியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் ஒவ்வொரு விரலாக விரித்தான். குதிரை உள்ளங்கையில் பதிந்து, நான்கு கால்களின் தடமும் தோலில் குழிந்திருந்தது. உடைந்த காதை யாரோ பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். கண்ணாடிக்காரருக்கு அது யார் கைவேலை என்று தெரிந்தது. காலையில் கண்ணாடிக்காரர் கிளம்பிய பிறகு செவிலியிடம் பசை கேட்டு வாங்கினாராம். பணிமனைக்காரர், பழுதானதை அப்படியே திருப்பிக் கொடுக்க அவருக்கு வராது.

சாயங்காலம் பேரவையின் சார்பில் மலர்வளையத்தோடு தலைமை நடுவர் வந்தார். போரைப் பாதியில் நிறுத்திவிட்டு வரவில்லை, இடைவேளையில் வந்திருந்தார். "இவ்வளவு அழுத்தத்திலும் தளபதி நிலையை விட்டு அசையவில்லை. அடுத்த ஆண்டு உரையில் இதை விரிவாக எடுத்துச் சொல்லப் போகிறேன்" என்று அக்காவிடம் ஆறுதல் சொன்னார். அக்காவுக்கு இவர் யார் என்றே தெரியாது. கையெடுத்துக் கும்பிட்டாள்.

பிறகு அவர் மைத்துனன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவன் கையிலிருந்த குதிரையை வாங்கினார். படிக்கிற கண்ணாடிக்கு வாகான தூரத்தில், மூக்குக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று முழுக்க அவர் தெளிவாகப் பார்த்த ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்கும். உண்மையான வருத்தத்தோடு தலையை ஆட்டிக்கொண்டார்.

"இது மட்டும் களத்தில் இருந்திருந்தால், முதல் செய்தியே நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்கும்."

மைத்துனன் குதிரையைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அப்பாவின் கட்டிலைப் பார்த்தான். நடுவரைப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஆமா சார்" என்றான். "அப்பா எடுத்து வச்சுக்கிட்டதாலதான்."